எழுதியவர்: மோனிஷா, ஐந்தாம் வகுப்பு

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். புங்கனேரி வரைக்கும்தான் போறேன், ஒன்றரை மணி நேரம் ஆகும். நீங்க அதையும் தாண்டிப் போறீங்களா? சரி சரி.

அது லேப்டாப் பைதானே? எனக்கும் அதெல்லாம் தெரியும்மா. என்னைப் பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க. ஐம்பத்தெட்டு வயசு, இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. ஆனா எங்க ஒன்றியத்துலயே பிள்ளைங்களுக்கு வலைப்பூ ஆரம்பிச்ச முதல் டீச்சர் நான்தான். பிளாக்குன்னு சொல்வாங்கல்ல, அது. புங்கனேரி ருக்குமணி டீச்சர்னு கேட்டுப் பாருங்க, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க.

இப்ப ஒரு விசாரணைக்குப் போயிட்டு வர்றேன். என் மேலதான். என்கிட்ட அஞ்சாவது படிச்ச ஒரு பிள்ளை பெரிய ஆபீஸ்ல மனு குடுத்திருக்கு. பாருங்க, எழுதச் சொல்லிக் குடுத்ததே நான். அந்த எழுத்தாலயே என் மேல மனு. நீங்க வெளியூர்க்காரங்க, உங்களுக்கு யாரு பக்கமும் கிடையாது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

மூணு வருஷத்துக்கு முன்னால எங்களுக்கு மூணு நாள் பயிற்சி குடுத்தாங்க. பிள்ளைங்க எழுதறதை இன்டர்நெட்ல போடணும், நாலு பேரு படிக்கணும், படிச்சவங்க பதில் எழுதணும், அப்பத்தான் பிள்ளைக்கு எழுதற ஆசை வரும்னாங்க. மத்த டீச்சருங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. நான் போகலை. அந்தப் பயிற்சி குடுத்த பையனைப் பிடிச்சு வெச்சு, என் போன்லயே ஆரம்பிச்சுத் தரச் சொல்லி வாங்கிட்டேன். 'புங்கனேரி பிள்ளைகள்'னு பேரு வெச்சோம்.

ஸ்கூல்ல ஒரு பழைய லேப்டாப் இருந்துச்சு. கீபோர்டுல பாதி எழுத்து வேலை செய்யாது. 'ழ' அடிச்சா வராது. நான் போன்ல வாயால சொல்லிச் சொல்லி எழுத வெப்பேன். பிள்ளைங்க நோட்டுல எழுதிட்டு வரணும், நான் சிவப்பு மையில திருத்துவேன், வெள்ளிக்கிழமை மதியம் ஏத்துவோம். கடைசியில 'வெளியிடு'ன்னு ஒண்ணு வரும் பாருங்க, அதை எழுதின பிள்ளைதான் அழுத்தணும். அது நான் வெச்ச சட்டம். அழுத்திட்டு, கையை அப்படியே பாத்துக்கிட்டு நிப்பாங்க. பதினேழு பிள்ளைங்க வகுப்புல. ஒருத்தன் அவங்க வீட்டு ஆடு குட்டி போட்டதை எழுதினான். ஒருத்தி கோழிக்குழம்பு எழுதினா. கனடாவுல இருந்து ஒருத்தர் பதில் போட்டாரு, 'படிக்கும்போதே பசிக்கிறது'ன்னு. வகுப்பே கை தட்டுச்சு.

நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். கண்ணால பாத்ததை எழுது. விவரமா எழுது. மொட்டையா 'ஊருக்குப் போனோம்'னு எழுதாத. எந்த ஊரு, என்னைக்கு, கூட யாரு, அவங்களுக்கு என்ன வயசு, எல்லாம் போடு. கடைசியில உன் பேரைப் போடு. எழுதினது நீ, அதுக்குப் பொறுப்பும் நீ. இதுல என்னம்மா தப்பு? எந்தப் புத்தகத்துல வேணாலும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க.

அந்த வகுப்புல மோனிஷான்னு ஒரு பொண்ணு. மாதையன் மக. மாதையன் பெங்களூர்ல கட்டட வேலை, மாசத்துக்கு ஒருவாட்டி வருவாரு. மோனிஷாவுக்கு ஒரு அக்கா, அபிநயா, பத்தாவது. அவளும் என்கிட்ட படிச்சவதான். மோனிஷா கையெழுத்து இருக்கே, முத்துக் கோர்த்த மாதிரி இருக்கும். எழுதறதும் அப்படித்தான். அவங்கம்மா தலை சீவி விடறதை எழுதியிருந்தா பாருங்க, படிக்கறப்ப நம்ம தலைய யாரோ தொடற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் நானூத்துச் சொச்சம் பேரு படிச்சாங்க. எங்க ஒன்றிய அதிகாரியே போன் பண்ணினாரு, 'டீச்சர், மாநில அளவுல பத்து வலைப்பூ எடுக்கறாங்க, உங்களது போகும் போல இருக்கு'ன்னு.

தை மாசம் பிறந்ததும் மோனிஷா ஒண்ணு எழுதிட்டு வந்தா. 'எங்கள் வீட்டுக் கல்யாணம்'னு தலைப்பு. எட்டே வரி. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாங்க, புதுத்துணி வந்திருக்கு, அக்கா ராத்திரியெல்லாம் அழுறா, ஏன்னு கேட்டா திரும்பிப் படுத்துக்கறா. அவ்வளவுதான்.

நான் என்ன செஞ்சேன்? ஒரு டீச்சர் என்ன செய்யணுமோ அதைச் செஞ்சேன். 'விவரமே இல்லையே கண்ணு. அக்கா பேரு என்ன, வயசு என்ன, என்ன படிச்சா, கல்யாணம் என்னைக்கு, எந்த மண்டபம், படிக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?'ன்னேன். உக்காந்து அழகா எழுதினா. 'என் அக்கா பெயர் அபிநயா. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.' தேதி, மண்டபம் எல்லாம். அந்த அழுகை வரியை மட்டும் நான் அடிச்சுட்டேன். நல்ல காரியத்தைப் பத்தி எழுதறப்ப அழுகை எதுக்கு? கல்யாணம்னா எந்தப் பொண்ணுதான் அழல? நான் அழலையா? அந்த இடத்துல 'வீடே மகிழ்ச்சியாக இருக்கிறது'ன்னு ஒரு வரி சேத்தேன். மோனிஷா பாத்தா. 'டீச்சர், இது நான் எழுதலையே'ன்னா. 'முடிவு நல்லா இருக்கணும் கண்ணு'ன்னேன். 'வெளியிடு' அழுத்தினா.

பதினஞ்சு வயசுன்னு தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியும்மா. பத்திரிகையே எனக்கு வெச்சிருந்தாங்க, வெத்தலை பாக்கோட. எங்க பக்கம் நடக்கறதுதான். நாம போயி என்ன சொல்ல முடியும்? நான் ஒரு ஹாட் பாக்ஸ் வாங்கி, தாள் சுத்தி, பேரெல்லாம் எழுதி வெச்சிருந்தேன்.

போட்ட மறுநாள் ஒரு அம்மா கீழ எழுதியிருந்தாங்க. 'பதினைந்து வயதா? மண்டபம் எந்த ஊரில்?'னு. வாசகர் கேட்டா பதில் சொல்லணும்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க இல்லையா, நான் பதில் போட்டேன். 'புங்கனேரி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில். முகூர்த்தம் காலை ஆறு முதல் ஏழரை. அனைவரும் வருக.' நான் என்னத்தைக் கண்டேன்?

முகூர்த்தத்தன்னைக்கு நான் முன்வரிசையில உக்காந்திருக்கேன். ரெண்டு ஜீப் வந்து நின்னுச்சு. பொம்பளை அதிகாரி ஒருத்தங்க, போலீஸு, இன்னும் ரெண்டு மூணு பேரு. மேளத்தை நிறுத்தச் சொன்னாங்க. அந்த அதிகாரி நேரா மணவறைக்குப் போயி, அபிநயா பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து மெதுவா என்னமோ கேட்டாங்க. அவ சத்தமா சொன்னா, மண்டபத்துக்கே கேட்டுச்சு. 'எனக்கு வேண்டாம். நான் பரீட்சை எழுதணும்.' எப்பவும் வாயே திறக்காத பொண்ணும்மா அது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்துட்டாங்க. மாதையன் அப்படியே நின்னாரு, வேட்டி முனையைக் கையில பிடிச்சுக்கிட்டு. அபிநயாவை ஜீப்ல ஏத்திக் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாப்பாடு அப்படியே கிடந்துச்சு, முந்நூறு இலைக்கு.

திங்கக்கிழமை ஸ்கூல் வாசல்ல பத்துப் பன்னெண்டு பேரு. மாதையன், அவரு அண்ணன், பங்காளிங்க எல்லாம். 'எவ எழுதினது? எவ போட்டது?'ன்னு கூச்சல். எங்க ஹெச்.எம். திருமால் சார் அன்னைக்குப் பாத்து லீவு. பிள்ளைங்க எல்லாம் உள்ள நடுங்கிட்டு இருக்குதுங்க. நான் ஒத்தைப் பொம்பளை. என்னம்மா செய்வேன்?

மோனிஷா நோட்டை எடுத்துக்கிட்டுப் போயி காட்டினேன். 'பாருங்க மாதையன், உங்க பொண்ணு கையெழுத்து. பேரும் அவ பேரு. அவளாத்தான் எழுதினா, அவ கையாலதான் வெளியிட்டா. நான் எழுத்துப்பிழை மட்டும்தான் பாத்தேன்.' உள்ளதைத்தானே சொன்னேன்?

மாதையன் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. அவருக்குப் படிக்க வராது. அப்புறம் வகுப்புக்குள்ள வந்தாரு. மோனிஷா எழுந்து நின்னா. ஒரு அறை. ஒண்ணே ஒண்ணுதான். நான் சும்மா இருக்கலைம்மா. 'ஸ்கூல்ல வெச்சு அடிக்கக் கூடாதுங்க, வீட்டுல போயிப் பேசிக்கங்க'ன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். பிள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. போறப்ப அவ என்னைப் பாத்தா. எதுக்குப் பாத்தான்னு எனக்கு இன்னும் தெரியலை.

நாலு நாள் கழிச்சு வந்தா, வலது கையில ரெண்டு விரலுக்குக் கட்டு. 'கதவுல நசுங்கிடுச்சு டீச்சர்'னா. நானும் மேல கேக்கலை. வீட்டு விஷயம். மூணு வாரம் பென்சில் பிடிக்க முடியலை அவளால. நான் எழுதச் சொல்லித் தொந்தரவு பண்ணலை, அந்த மட்டுக்கும் எனக்கு இரக்கம் இருக்கு.

ஜீப்ல வந்த அதிகாரி ஒரு நாள் ஸ்கூலுக்கு வந்தாங்க. 'அபிநயாவை வீட்டுக்கு அனுப்பறோம் டீச்சர். பதினெட்டு முடியற வரைக்கும் கல்யாணம் பண்ண மாட்டோம்னு அப்பா எழுதிக் குடுத்திருக்காரு. ஆனா உங்க கண்ணு அந்த வீட்டு மேல இருக்கட்டும். ஏதாவது காதுல விழுந்தா ஒரு போன் போடுங்க, யாரு சொன்னான்னு வெளிய வராது'ன்னு நம்பர் எழுதிக் குடுத்தாங்க. நான் அதைச் சாக்பீஸ் டப்பாவுக்குள்ள பத்திரமா வெச்சேன்.

பங்குனி மாசம். வெயில் கொளுத்துது. ஒரு வியாழக்கிழமை மோனிஷா நோட்டைக் கொண்டாந்து மேசை மேல வெச்சா. 'டீச்சர், இதைப் போடுங்க'ன்னா. நான் பிரிச்சுப் பாத்தேன்.

'என் அக்கா அபிநயாவை வருகிற புதன்கிழமை காலையில் மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே கல்யாணம். யாருக்கும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு முப்பத்து நான்கு வயது. அக்காவுக்கு விருப்பம் இல்லை. அவளைப் பரீட்சைக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் யாராவது வரவும்.' கீழ பேரு, வகுப்பு, ஊரு.

சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு பிழை இல்லை. நான் சொல்லிக் குடுத்த அத்தனை விவரமும் இருந்துச்சு. யாரு, எங்க, என்னைக்கு, என்ன வயசு. ஒரு டீச்சரா எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, அதை மறைக்கலை.

'நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே டீச்சர், போட்டுரலாமா?'ன்னா. 'வெச்சுட்டுப் போ கண்ணு, பாக்கறேன்'ன்னேன்.

என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அதுக்கு முந்தின வாரம்தான் ஒன்றிய அதிகாரி கூப்பிட்டாரு. 'பத்துல உங்களது வந்துருச்சு. ஆனா டீச்சர், வில்லங்கமா எதுவும் இனிமே வரக் கூடாது. பூவு, மழை, திருவிழான்னு போடுங்க'ன்னாரு. திருமால் சாரும் அதையேதான் சொன்னாரு. மாதையன் ஆளுங்க வேற எந்நேரமும் ஸ்கூல் வழியாவே போவாங்க. நான் தினம் அந்த ஊருக்குள்ள நடந்து போயிட்டு வரணும்மா.

வெள்ளிக்கிழமை நான் மத்த பிள்ளைங்களோடதைப் போட்டேன். மோனிஷா கடைசி வரைக்கும் காத்திருந்தா. 'என்னோடது டீச்சர்?' 'திங்கக்கிழமை போடலாம்.' திங்கக்கிழமை வந்தா. 'இன்னும் படிச்சுப் பாக்கணும் கண்ணு.' செவ்வாக்கிழமை காலையிலயே வந்து மேசைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா, பெஞ்சுக்குப் போகவே இல்லை. 'நெட்டு இல்லம்மா'ன்னேன். அவ என் போனைப் பாத்தா. அந்த நேரம் பாத்து எனக்கு ஏதோ மெசேஜ் வந்து சத்தம் போட்டுச்சு. போயி உக்காந்துட்டா.

போன் ஒண்ணு போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. இன்னைக்கு விசாரணை பண்ணின அதிகாரியும் அதைத்தான் கேட்டாரு. எல்லாரும் ரொம்ப லேசா கேக்கறாங்க. போன் போட்டா யாரு போட்டான்னு ஊருக்குத் தெரியாமயா போகும்? அந்த வீட்டு மேல கண்ணு வெக்கிற டீச்சர் நான் ஒருத்திதானே?

புதன்கிழமை மோனிஷா வரலை. வியாழக்கிழமை வந்தா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட எதுவும் குடுக்கலை. வகுப்புல எழுதச் சொன்னா எழுதுவா, பாடத்துல இருக்கறதை. வலைப்பூவுக்கு எழுதுன்னா, 'ஒண்ணும் பாக்கலை டீச்சர்'ம்பா. அவ்வளவு அழகா எழுதற பிள்ளை, வீணாப் போச்சேன்னு எனக்குத் தாங்கவே முடியலை. எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன்.

மே மாசம் எனக்குச் சான்றிதழ் குடுத்தாங்க. சென்னைக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். அப்ப ஏதாவது பேசச் சொன்னாங்க. மோனிஷா எழுதின அந்தத் தலை சீவற கட்டுரையத்தான் படிச்சேன். நிறைய பேரு கண்ணைத் துடைச்சாங்க.

அபிநயா போயிட்டா. மறு வருஷம், பிரசவத்துல. பதினாறு முடியலை. உடம்புல ரத்தமே இல்லையாம். குழந்தை தங்கிடுச்சு, பொம்பளைப் பிள்ளை. சேதி கேட்டு நான் போனேன்மா, நான் போகாம இருக்கலை. மாதையன் தரையில உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் எழுந்து, 'டீச்சருக்கு ஒரு சேர் போடுங்கடா'ன்னாரு. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மோனிஷா மூலையில அந்தக் குழந்தைய வெச்சுக்கிட்டு இருந்தா. என்கிட்ட வரலை.

இப்ப அவ ஏழாவது, பக்கத்து ஊரு ஹைஸ்கூல்ல. திங்கக்கிழமையானா பெரிய ஆபீஸ்ல மனு வாங்குவாங்கல்ல, போன மாசம் அங்க தனியா பஸ் ஏறிப் போயி வரிசையில நின்னு குடுத்திருக்கா. பன்னெண்டு வயசுப் பிள்ளை. ஒரு தாள்தான். இன்னைக்கு அவளையும் வரவெச்சு, என் முன்னாலயே படிச்சாங்க. தேதி, கிழமை, நான் சொன்ன வார்த்தை, ஒண்ணு விடாம. 'நெட் இல்லை என்று டீச்சர் சொன்னார்'ன்னு கூட. என் பேருக்குப் பின்னால 'அவர்கள்'னு மரியாதையாப் போட்டிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல? நான் என்ன வேத்து ஆளா?

அதிகாரி என்னைக் கேட்டாரு. 'இந்தப் பொண்ணு ரெண்டாவது தடவை உங்ககிட்ட எழுதிக் குடுத்தாளா?'

நான் இல்லைன்னுட்டேன்.

வேற என்னம்மா சொல்லச் சொல்றீங்க? முப்பத்திரெண்டு வருஷ சர்வீஸ். இல்லைங்க சார், அந்த மாதிரி எதுவும் என் கைக்கு வரலைன்னேன். அவரு மோனிஷா பக்கம் திரும்பினாரு. 'ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கியாம்மா? நோட்டு இருக்கா?' 'என்கிட்ட இல்ல சார். டீச்சர்கிட்ட குடுத்தேன்'னா. அழலை, கத்தலை. அவரும் என்னத்தைச் செய்வாரு? எழுதிக்கிட்டு, ரெண்டு பேரும் போகலாம்னுட்டாரு.

நோட்டு வீட்டுல இருக்கும்மா. பீரோவுல, சேலைக்கு அடியில. எரிச்சுரலாம்னுதான் ரெண்டு மூணு தடவை எடுத்தேன். மனசு வரலை. அந்தக் கையெழுத்தைப் பாத்தா எரிக்கத் தோணாது.

வெளிய வந்து படியில இறங்கறேன், பின்னாலயே வந்தா. ஏதாவது கத்தப் போறா, நாலு பேரு பாக்கப் போறாங்கன்னு நினைச்சேன். கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. 'டீச்சர், அந்தப் பக்கத்துல என் பேருக்குக் கீழ அக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தா. எங்க வீட்டுல அவ எழுதினது எதுவும் இல்ல, புத்தகமெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்க. குழந்தை பெரிசானா காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கையெழுத்தை மட்டும் கிழிச்சுக் குடுங்க டீச்சர். மத்தது வேண்டாம். நான் யாருகிட்டயும் காட்ட மாட்டேன்.'

போட்டிருந்தா. பாத்திருக்கேன். பக்கத்தோட ஓரத்துல, சின்னதா.

எப்படிம்மா குடுக்கறது? குடுத்தா நோட்டு என்கிட்ட இருக்குன்னு ஆயிடும் இல்லையா? 'எந்த நோட்டு கண்ணு?'ன்னேன்.

நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம பஸ் வருதான்னு பாத்தேன். அப்புறம், 'சரிங்க டீச்சர், பாத்துப் போங்க, படி உடைஞ்சிருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளைம்மா.